பிராக்சிஸ் இடமும் மனச்சாட்சியும்

தாதியர் கல்வியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை அண்மையில் தாயாருடன் எம்மிடம் வந்திருந்தார். அடுத்த பிராக்சிஸுக்கு விருப்பமான இடங்களை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பெண்நோய்ப் பிரிவுக்குப் போனால் கருக்கலைப்புக்கு உதவ வேண்டி வரலாம், அது தனது சமய நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றார். தாயார் இடைமறித்தார்: "அதோட டொக்டர், மனநோய்ப் பகுதியும் வேண்டாம், ஆம்பிளையளைக் குளிப்பாட்டுற இடமும் வேண்டாம். நாளைக்குக் கலியாணம் பேசேக்க சனம் கதைக்கும்."

இரண்டும் ஒன்றல்ல என்பதே எமது கருத்து.

மகள் சொன்னதற்கு நோர்வேச் சட்டத்தில் இடமுண்டு. 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சரி, 2025 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் சரி, கருக்கலைப்பைச் செய்யவோ அதற்கு நேரடியாக உதவவோ மனச்சாட்சி இடங்கொடாதவர்கள் விலகி நிற்கலாம். பயிற்சியில் இருக்கும் மாணவர்களும் சட்டப்படி சுகாதாரப் பணியாளர்களே. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்ணைப் பராமரிப்பதிலிருந்து விலக முடியாது. வலியில் கிடப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதும் இரத்தப்போக்கைக் கவனிப்பதும் தாதியின் கடமை. அங்கே முகம் சுளிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

இன்னொன்று, சொல்வதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். போலந்திலிருந்து வந்த வைத்தியர் கதர்சினா யாகிமோவிச்சின் வழக்கைச் சிலர் அறிந்திருப்பீர்கள். கருத்தடை லூப் போடுவதற்கு அவரது மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. சௌஹெராத் கொம்யூன் 2015இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது. 2018 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. வேலைக்குச் சேரும்போதே அவர் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார், கொம்யூனும் ஏற்றிருந்தது என்பதே முக்கிய காரணம். லூப் விடயத்தில் அவரது நிலைப்பாடு எமக்கு உடன்பாடானதல்ல. ஆனாலும் ஒளிக்காமல் சொன்னாரே, அதை மதிக்கிறோம். காலையில் சத்திரசிகிச்சைக்கூட வாசலில் நின்று "என்னால் ஏலாது" என்றால் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

தாயார் சொன்னது மனச்சாட்சி அல்ல, ஊர் வாய்க்குப் பயம். மூன்று வருடக் கல்வியின் 180 புள்ளிகளில் பாதி பிராக்சிஸ். முதியோரைக் கழுவித் துடைப்பதும் மனநலப் பராமரிப்பும் அதில் அடங்கியவை. இவற்றைத் தவிர்த்துத் தாதியாக முடியாது. 1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாம் மருத்துவ மாணவர்கள். எந்த வார்ட் வேண்டும் என்று எம்மை யாரும் கேட்கவில்லை. கை தேவைப்பட்ட இடத்தில் நின்றோம். ஆணா பெண்ணா என்று பார்க்க நேரமிருக்கவில்லை.

அந்தப் போரைக் கடந்து வந்தவர்கள் இன்று ஒஸ்லோவில் நித்திரையின்றித் தவிக்கிறார்கள். வைத்தியரிடம் "தலையிடி" என்று மட்டும் சொல்வார்கள். மனநலப் பிரிவில் அவர்களுடைய மொழியில் "சாப்பிட்டீங்களோ ஐயா" என்று கேட்க ஒரு தாதி இருந்தால் எவ்வளவு ஆறுதல்! எங்கள் பிள்ளைகளை அங்கே போகாதே என்று மறித்துவிட்டு, தமிழ் தெரிந்தவர் இல்லையே என்று நாமே குறைப்படுகிறோம்.

அந்தப் பிள்ளை பயிற்சி ஆசிரியரிடம் தன் நிலையை எழுதிக் கொடுத்துவிட்டாராம். விருப்பப் பட்டியலில் முதலாவதாக மனநலப் பிரிவைப் போட்டிருக்கிறார். தாயாருக்கு எம்மில் இன்னும் கோபம்தான் என்று கேள்வி.