கணக்கைக் காட்டிய உரோமை

தீய வழியில் சேர்த்த பணத்தை வெளுத்து நல்ல பணமாக்குவோர்க்கு நாட்டெல்லை ஒரு தடையன்று. ஆகவே ஓர் அரசு தனித்து நின்று அவர்களைப் பிடித்தல் அரிது. இதனையுணர்ந்தே ஐரோப்பிய அவை, இன்று 'மணிவால்' என வழங்கும் குழுவை 1997-இல் அமைத்தது. ஒரு நாட்டின் சட்டத்தையும் நடைமுறையையும் பிற நாட்டு வல்லுநர்கள் நேரில் வந்து ஆராய்வர். குறைகளை அறிக்கையாய் வெளியிடுவர்.

வத்திக்கானும் இதற்கு விலக்கன்று. உரியவர் யார், எதற்காக என்னும் விவரம் தரப்படவில்லையென்று, 2010 செப்டம்பரில் வத்திக்கான் வங்கியின் 2 கோடியே 30 லட்சம் யூரோவை இத்தாலிய நீதித்துறை முடக்கிற்று. மறு ஆண்டு விடுவித்தது. அந்த 2010 டிசம்பரிலேயே திருத்தந்தை 16-ம் பெனடிக்ட் புதிய சட்டம் இயற்றி, நிதித் தகவல் ஆணையத்தை நிறுவினார். 2011-இல் திருப்பீடம் தானே வேண்டி மணிவாலின் ஆய்வுக்கு உட்பட்டது. மறு ஆண்டு வந்த அறிக்கையில், முதன்மையான 16 விதிகளுள் 9-இல் மட்டுமே தேர்ச்சி! தாயின் குறையைப் பிறர் எண்ணிச் சொல்வது பிள்ளைகளுக்கு இனிக்காதுதான். ஆயினும் அவர்களை அழைத்தது உரோமையே.

2019 அக்டோபரில் வத்திக்கான் காவலர் அவ்வாணையத்தையே சோதனையிட்டு ஆவணங்களை எடுத்துச் சென்றனர். பிற நாடுகள் நம்பிக் கொடுத்த இரகசியங்கள் என்னாவது? நாடுகளின் நிதிப் புலனாய்வு அமைப்புகளை இணைக்கும் எக்மாண்ட் குழு, அடுத்த மாதமே ஆணையத்தை விலக்கி வைத்தது. அத்தகவல்களைக் கையாளும் முறைபற்றி வத்திக்கானில் உடன்பாடு எழுதப்பட்ட பின்னர், 2020 ஜனவரியில்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது.