கார்சியா என்றொரு கூட்டம்

நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸை நம் சிற்றிதழ்க்காரர்கள் நெடுங்காலமாக 'மார்க்வெஸ்' என்றே எழுதிவருகிறார்கள். அது அவருடைய அம்மா வீட்டுப் பெயர். அப்பா வழியில் வந்தது கார்சியா. ஸ்பானிய வழக்கில் அப்பாவின் குடும்பப்பெயர் முன்னால், அம்மாவுடையது பின்னால். ஆக, காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் அகரவரிசையில் 'கார்சியா'வுக்குக் கீழேதான் வரவேண்டும். எத்தனை நூலகத்தில் அப்படி இருக்கிறதோ! ஆனால் கவிஞர் கார்சியா லோர்காவை ஸ்பானியர்களே அம்மா பெயரால்தான் அழைக்கிறார்கள். காரணம் எளிது: தெருவுக்கு நாலு கார்சியா இருந்தால் எந்தக் கார்சியா என்று சொல்வது? ஸ்பெயினில் முதலிடம் இந்தப் பெயருக்குத்தான். மூலம் பாஸ்க் மொழி என்கிறார்கள். பொருள் கரடி என்றொரு கட்சி, இளைஞன் என்றொரு கட்சி. எனக்குக் கரடி பிடித்திருக்கிறது.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1990-இல் 18-ஆம் இடத்தில் இருந்த கார்சியா, 2000-இல் எட்டாவது, 2010-இல் ஆறாவது. பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆனால் அங்குள்ள படிவங்களில் குடும்பப்பெயருக்கு ஒரே கட்டம். இரண்டு பெயரோடு போனவர்களில் சிலர் நடுவே ஒரு சிறுகோடு போட்டு அம்மாவைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.