அங்கீகாரம் பெற்றது... யாரால்?

"பத்தாவது ஃபெயிலா? கவலை வேண்டாம்! ஒரே ஆண்டில் டிகிரி! அரசு அங்கீகாரம் பெற்றது! வளைகுடா வேலைக்கு ஏற்றது!"

இந்த நோட்டீஸைப் பார்க்காதவர் நம்மில் யார்? ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் ஒட்டினார்கள். இப்போது அதே வாசகம் உங்கள் கைப்பேசிக்கே வந்து சேருகிறது. உம்மாவின் நகையை அடகு வைத்து முதல் தவணையைக் கட்டிய பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூன்றாண்டுப் படிப்பை ஓராண்டில் எப்படி முடிப்பார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வருகிறது.

அன்பு இளைஞர்களே! அந்த நோட்டீஸில் 'ஒரே ஆண்டு' என்பதைவிட ஆபத்தான ஒரு சொல் இருக்கிறது. 'அங்கீகாரம்' என்பதே அது. யார் கொடுத்த அங்கீகாரம்? எதற்குக் கொடுத்தது? எந்த ஆண்டு வரை? இதைக் கேட்காமல் யாரும் ஒரு ரூபாயும் கட்டக் கூடாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22வது பிரிவு. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் இயற்றி உருவாக்கிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் கொடுக்கலாம். மற்றவர் கொடுப்பது வெறும் காகிதம். மீறினால் என்ன தண்டனை தெரியுமா? அதே சட்டத்தின் 24வது பிரிவு சொல்வது, ஆயிரம் ரூபாய் வரை அபராதம்! மோசடி வழக்கு தனியாக வரலாம் என்றாலும், லட்சக்கணக்கில் வசூலிப்பவனுக்கு இந்த ஆயிரம் ஒரு பொருட்டா?

போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு அவ்வப்போது வெளியிடுகிறது. 2023 ஆகஸ்ட் பட்டியலில் 20 பெயர்கள் இருந்தன. அதில் எட்டு, நாட்டின் தலைநகரான டெல்லியிலேயே! பெயர்களைப் பாருங்கள். 'யுனைடெட் நேஷன்ஸ் யுனிவர்சிட்டி' என்று ஒன்று. ஐ.நா.வின் உண்மையான பல்கலைக்கழகம் ஜப்பானின் டோக்கியோவில் இருக்கிறது. 'இந்தியன் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்' என்று இன்னொன்று. பெங்களூர் அறிவியல் கழகத்தின் பெயரோடு ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் போதும், பாதிப் பேர் ஏமாந்துவிடுவார்கள்.

நம்மைக் குறிவைத்த பெயர்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. நாக்பூரின் 'ராஜா அரபிக் யுனிவர்சிட்டி' பல ஆண்டுகளாக அதில் இருந்தது. கோழிக்கோடு குன்னமங்கலத்தில் நபிவழி மருத்துவத்தின் பெயரால் நடந்த 'சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம்' 2024இல் சேர்க்கப்பட்டது. பெயரில் அரபி இருந்தால், பலகையில் பிறை இருந்தால் விசாரிக்கத் தேவையில்லை என்று நினைக்கும் பலவீனம் நம்மிடம் உண்டு. மோசடிக்காரனுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

வணிகப் பெருமக்களே, இதை உங்களுக்கு விளக்குவது எளிது. ஒரு நகைக்கடைக்கு ஜி.எஸ்.டி. எண் இருப்பதால் அங்கு விற்கும் தங்கம் 22 கேரட் ஆகிவிடுமா? ஹால்மார்க் முத்திரையைத்தானே பார்ப்பீர்கள்? இந்த 'கல்லூரிகள்' காட்டும் அரசு ஆவணம் பெரும்பாலும் டிரஸ்ட் பதிவு, கம்பெனிப் பதிவு, சிறுதொழில் பதிவு, ஐ.எஸ்.ஓ. சான்று ஆகியவைதான். இவை எதுவும் பட்டம் கொடுக்கும் உரிமை அல்ல. கோபுர முத்திரையைக் கண்டதும் மயங்காமல் அந்தக் காகிதத்தை வரிவரியாகப் படியுங்கள்.

அங்கீகார அமைப்பையே போலியாக உருவாக்கியவர்களும் உண்டு. பாகிஸ்தானின் கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற கம்பெனியை 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அமெரிக்கப் பெயர்களில் இல்லாத பல்கலைக்கழகங்கள், அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்க இல்லாத வாரியங்கள், வீடியோவில் பேராசிரியராக நடிக்கக் கூலிக்கு ஆட்கள்! வாங்கியவர்களில் வளைகுடாவில் வேலை செய்தவர்கள் ஏராளம். அபுதாபியில் ஓர் இளநிலைக் கணக்கர் எம்.பி.ஏ.வுக்கு என்று 3,300 டாலர் கட்டினார். பிறகு அமெரிக்கத் தூதரகத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல், "உன் சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் இல்லை, நாடு கடத்தப்படுவாய்" என்று மிரட்டியது. பயந்து பயந்து கட்டியதில் கணக்கு 30 ஆயிரம் டாலரைத் தொட்டது. விற்றவர்களின் கூட்டமேதான் இப்படி மிரட்டவும் செய்தது. போலிச் சான்றிதழ் வாங்கியவன் போலீசுக்குப் போக முடியாது அல்லவா? அந்தப் பயமே அவர்களின் முதலீடு.

உண்மையான பட்டம் வைத்திருப்பவர்களும் அங்கீகாரத்தில் இடறியிருக்கிறார்கள். 2018இல் குவைத் அரசு, இந்தியப் பொறியாளர்கள் அங்குள்ள பொறியாளர் சங்கத்தின் தடையில்லாச் சான்று பெற வேண்டும் என்றது. அந்தச் சங்கமோ என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்ற படிப்புகளை மட்டுமே ஏற்றது. முறையான கல்லூரியில் நான்காண்டு படித்தவர்கள் பலர் திகைத்து நின்றார்கள். காரணம், என்.பி.ஏ. கல்லூரிக்கு மொத்தமாக அங்கீகாரம் தருவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தருகிறது. மெக்கானிக்கலுக்கு இருக்கும், சிவிலுக்கு இருக்காது. நோட்டீஸில் 'என்.பி.ஏ. அங்கீகாரம்' என்று மட்டும் இருக்கும். 'நாக்' தரச்சான்று முழுக் கல்லூரிக்கானது. ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. அந்தத் தரத்துக்காகவே லஞ்சம் கைமாறியது என்று 2025 பிப்ரவரியில் ஆய்வுக் குழுவினரையே சி.பி.ஐ. கைது செய்தது. தரக்குறியீட்டைப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள்.

அரசே கதவைத் திறந்துவிட்ட கதையும் உண்டு. சத்தீஸ்கர் மாநிலம் 2002இல் ஒரு சட்டம் போட்டது. ஏறத்தாழ ஓராண்டில் 112 தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமே இல்லை. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 பிப்ரவரியில் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது.

சரி, எப்படித்தான் விசாரிப்பது? மானியக் குழுவின் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு படிப்புக்கு உரிய கவுன்சில். நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில், பார்மசி என்றால் பார்மசி கவுன்சில், பி.எட். என்றால் என்.சி.டி.இ., தொலைநிலைப் படிப்பு என்றால் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்குக் கொடுத்த அனுமதி. கட்டணம் யார் பெயரில் போகிறது? பல்கலைக்கழகக் கணக்குக்கா, ஏஜென்டின் சொந்தக் கணக்குக்கா? தேர்வு எங்கே, எழுதப்போவது யார்? "நீங்கள் வரவேண்டாம், நாங்களே எழுதிவிடுவோம்" என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் படிக்காதவர்களுக்குப் பட்டம் விற்றதாக இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் மீது 2020இல் வழக்கு வந்தது. ஆகவே ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ரயில் டிக்கெட் செலவு, முதல் தவணையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை. ஹோட்டல் ஹாலில் சால்வையும் கவுனும் போட்டு 'கௌரவ டாக்டர்' பட்டம் வாங்கி, மறுநாள் கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் வணிகர்களிடமும் புகுந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு இப்படிப் பட்டம் வழங்கியது. பல்கலைக்கழகம் போலீசில் புகார் செய்ய வேண்டியதாயிற்று. ஊர்ப் பெரியவரே காசு கொடுத்து டாக்டர் ஆனால், கடையில் வேலை பார்க்கும் பையன் காசு கொடுத்து பி.காம். ஆவதை எந்த முகத்தோடு தடுப்பார்? இத்தகைய கல்லூரிகளுக்கு மாடியை வாடகைக்கு விடுவதும், திறப்பு விழாவில் தலைமை வகிப்பதும் நம்மவர்கள்தான்.

நமக்கு இது ஏன் அதிகம் வலிக்க வேண்டும்? 20 வயதுக்கு மேற்பட்ட இந்திய முஸ்லிம்களில் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவர்கள் நான்கு சதவீதத்துக்கும் குறைவு என்று 2006இல் சச்சார் குழு சொன்னது. தமிழகத்தில் 2007இல் 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அந்த வாசலில் போலிச் சான்றிதழோடு போய் நின்றால் கிடைப்பது வேலையல்ல, வழக்கு.

பத்தாவது தவறியவனுக்கு நேர்வழி இல்லையா? இருக்கிறது. தனித்தேர்வராக எழுதலாம், தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தபின் இக்னோ இருக்கிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகள் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஏற்கனவே பணம் கட்டிவிட்டவர்கள் ரசீதையும், ஏஜென்ட் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். மிச்சத் தவணையைக் கட்டாதீர்கள். அந்தக் காகிதத்தை எந்த விண்ணப்பத்திலும் இணைக்காதீர்கள். இணைத்த மறுகணம் ஏமாந்தவர் என்ற நிலை மாறிக் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். வெட்கப்படாமல் ஜமாஅத் நிர்வாகிகளையும் ஒரு வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். உங்கள் தெருவில் அடுத்த வீட்டுப் பையன் அதே ஏஜென்டிடம் இந்த வாரம் பேசிக்கொண்டிருக்கலாம்.