மார்வலியோடு காட்பாடிக்கு டிக்கெட்டா?

(ஒக்கலிபுரம் நிருபர்)

2025-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். "ஹாசனில் தினம் ஒருத்தர் மாரடைப்பில் போகிறாராமே!" என்பதே அது. 40 நாட்களில் 20-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் வாலிபர்களும் உண்டு என்ற செய்தி பரவியதும், ஜெயதேவா இருதய ஆஸ்பத்திரிகளில் கூட்டம் அலைமோதியது. நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள்கூட பீதியடைந்து வரிசையில் நின்றார்கள்.

மாநில அரசு ஜெயதேவா ஆஸ்பத்திரி டைரக்டர் டாக்டர் கே.எஸ். ரவீந்திரநாத் தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. கமிட்டி 24 மரணங்களை ஆராய்ந்தது. அவற்றில் 20 மரணங்கள் இருதயம் சம்பந்தப்பட்டவை. மற்றவை வேறு காரணங்களால் நேர்ந்தவை. முந்தைய காலத்தைவிட மாரடைப்புச் சாவு திடீரென்று பெருகிவிடவில்லை என்றும் கமிட்டி சொன்னது. இறந்தவர்களில் கணிசமானோர் ஆட்டோ, டாக்சி ஓட்டிப் பிழைத்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

"எல்லாம் கொரோனா தடுப்பூசியால் வந்த வினை" என்று ஒரு வதந்தியும் உலவியது. இதற்கு 2023-லேயே பதில் வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், 47 பெரிய ஆஸ்பத்திரிகளின் துணையோடு, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்த 729 பேரைப் பற்றி ஆராய்ந்தது. தடுப்பூசி சாவைக் கூட்டவில்லை. 2 ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. குடும்பத்தில் திடீர்ச் சாவு, கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, சாவதற்கு முன் 2 நாட்களுக்குள் அளவுமீறிக் குடித்தது, கடும் உடல் உழைப்பு ஆகியவை ஆபத்தைக் கூட்டின.

பீதி அடங்கிவிட்டது. ஆனால் நம்மைப் போன்ற உழைக்கும் மக்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மாரடைப்பு யாருக்கும் வரலாம். வந்தபின் பிழைப்பவர் யார், சாகிறவர் யார்?

ஏழைக்கு 82, பணக்காரருக்கு 55

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஆராய்ச்சி நம் பெங்களூரிலிருந்தே நடந்தது. ஓசூர் ரோடு பக்கம் போகிறவர்கள் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள டாக்டர்கள் டெனிஸ் சேவியர், பிரேம் பைஸ் முதலானோர், இந்தியாவில் 50 நகரங்களில் 89 ஆஸ்பத்திரிகளுக்கு வந்த 20,937 இருதய நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினார்கள். 'கிரியேட்' என்ற அந்த ஆய்வு 2008-இல் லண்டன் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது.

30 நாட்களுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் பார்த்தார்கள். வசதி படைத்தவர்களில் 1,000-க்கு 55 பேர் இறந்தார்கள். ஏழைகளில் 1,000-க்கு 82 பேர் இறந்தார்கள்.

ஏழையின் இருதயம் என்ன பலவீனமானதா? இல்லை. கிடைத்த சிகிச்சையில் இருந்த வித்தியாசத்தைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, ஏழைக்கும் பணக்காரருக்கும் இருந்த அந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது, ஒரே சிகிச்சை கிடைத்தால் கூலிக்காரரும் முதலாளியைப் போலவே பிழைக்கிறார். ஏழையைக் கொன்றது நோய் மட்டுமல்ல. கிடைக்காமல் போன சிகிச்சையும் சேர்ந்துதான் கொன்றது.

இன்னொரு கணக்கும் அதில் உண்டு. வலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வந்துசேர நோயாளிகள் எடுத்துக்கொண்ட நேரத்தின் நடு அளவு 360 நிமிடம். பாதிப் பேர் அதைவிடத் தாமதமாகவே வந்தார்கள். 360 நிமிடம் என்பது, பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பெங்களூரில் புறப்பட்டுச் சென்னை போய்ச் சேர ஆகும் நேரம்!

ஜன்னலுக்கு அப்பால் ஒருவர்

நான் டாக்டர் அல்ல. டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. ஆனால் இந்த 360 நிமிடத்தை நேரில் கண்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளை. கொத்து வேலை பார்க்கும் தமிழர் ஒருவர், 50 வயது இருக்கும், ஜன்னலுக்கு வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு கையால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "காட்பாடிக்கு ஒண்ணு" என்றார். "என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "ராத்திரியிலிருந்து வாயு, தம்பி. சோடா குடிச்சும் கேக்கல. வேலூர் போய்க் காட்டிக்கலாம்னு" என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சில்லறையை எண்ணிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பங்காரப்பேட்டையில் அவரை இறக்கினார்கள் என்று, அவரோடு வேலை செய்தவர் சொல்லிப் பிறகு அறிந்தேன். உயிர் இல்லை. அவர் டிக்கெட் வாங்கிய இடத்திலிருந்து ஆட்டோ தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரிகள் இருந்தன. "முதலில் அங்கே போங்கள்" என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்றும் போகவில்லை.

ஊசிக்கும் நேரம் உண்டு

இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள சதை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்க ஊசி உண்டு. பலூன் வைத்துக் குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி உண்டு. இரண்டும் நேரத்தோடு நடந்தால்தான் முழுப் பலன் தரும். செத்த சதை திரும்புவதில்லை.

நேரத்தை மிச்சப்படுத்த முடியும் என்பதைத் தமிழ்நாட்டில் செய்தே காட்டினார்கள். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் அவர் குழுவினரும் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்சையும் ஒரே சங்கிலியாக இணைத்தார்கள். முன்பு ஓராண்டுக்குள் 1,000-க்கு 176 பேர் இறந்தார்கள். இணைத்த பிறகு அது 142 ஆகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருந்ததையே நேரத்தோடு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கர்நாடகத்திலும் கண் திறந்தது. 2021 அக்டோபர் 29-ஆம் தேதி நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் மறைந்தார். அவர் பெயரால் 'ஹிருதய ஜோதி' திட்டத்தை மாநில அரசு 2023-இல் அறிவித்தது. தாலுகா ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, அதை ஜெயதேவா போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்பி, அங்குள்ள டாக்டர் சொன்னதும் 'டெனெக்டிபிளேஸ்' என்ற ஊசியை இலவசமாகப் போடுவதே திட்டம். வெளியே வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும் ஊசி அது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் ஊசி காத்திருந்தாலும், நோயாளி 6 மணி நேரம் கழித்து வந்தால் பலன் பாதியாகிவிடும்.

ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறதே!

தாமதத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. "கார்டு தர்மபுரியில் இருக்கிறது, இங்கே சேர்ப்பார்களா? கன்னடத்தில் கேட்டால் என்ன சொல்வது? ஒருநாள் கூலி போகுமே" என்ற தயக்கம் நம்மவருக்கு உண்டு. நியாயமான பயம்தான். ஆனால் சட்டம் நம் பக்கம் இருக்கிறது.

மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயக் கூலி ஒருவரை அரசு ஆஸ்பத்திரிகள் பல, இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அவசர சிகிச்சையை மறுப்பது உயிர் வாழும் உரிமையையே மறுப்பது என்று 1996-இல் கோர்ட் தீர்ப்பளித்தது. உயிருக்குப் போராடுகிறவர் எந்த ஊர்க்காரர், எந்த மொழிக்காரர் என்பது கேள்வியே அல்ல. முதலில் ஈ.சி.ஜி., பிறகுதான் கார்டு.

அரசும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாலுகாக்களுக்குப் போன திட்டத்தின் பலன், நகரத்துக்குள் இருக்கும் தொழிலாளர் பேட்டைகளின் சிறிய ஆஸ்பத்திரிகளிலும் இரவு பகலாகக் கிடைக்க வேண்டும். "மார்வலியா, உடனே வா" என்ற போர்டு கன்னடத்தோடு தமிழ், உருது, தெலுங்கிலும் இருந்தால் யாருக்கு நஷ்டம்?

நம் கையில் இருப்பது

வருமுன் காப்பதும் உண்டு. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்விலும் செயின்ட் ஜான்ஸ் டாக்டர்கள் பங்கு பெற்றார்கள். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59-இல். புகை, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, மனக்கவலை முதலியவையே பெரும்பாலான மாரடைப்புகளுக்குக் காரணம். சிகரெட்டைவிட பீடி தேவலை என்று நினைப்பதும் தவறு. பீடியும் இருதயத்தைக் கெடுக்கும் என்று அதே ஆய்வு காட்டியது.

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் வாயு என்று முடிவுகட்ட நமக்கு உரிமை இல்லை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சுத் திணறலுமாகக்கூட வரலாம். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். இரவு நேரத்திலும் ஈ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரி நம் தெருவுக்குப் பக்கத்தில் எது என்று இன்றே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் அதை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும்.

ஊருக்குப் போகலாம். பொங்கலுக்குப் போகலாம், திருவிழாவுக்குப் போகலாம். மார்வலியோடு மட்டும் போக வேண்டாம். இப்போதெல்லாம் வியர்த்து விறுவிறுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது ஜன்னலுக்கு வந்தால், நான் டிக்கெட்டைக் கொடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். செய்யட்டும்.