பார்வைக்கே தீட்டு: ஒரு ரத்தக்காட்டேரி விளையாட்டு பற்றி

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுத இந்தப் பக்கங்கள்தான் கிடைச்சுதா என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சினிமாவைப் பற்றி எழுதுகிறோம். கிரிக்கெட்டில் சாதி பற்றி எழுதுகிறோம். கொடை விழாவில் யாருக்கு முதல் மரியாதை என்று எழுதுகிறோம். நம்ம பிள்ளைகள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எதுக்கு முன்னால உட்கார்ந்திருக்காங்களோ, அதை மட்டும் வாசிக்காமல் விடுவது என்ன அரசியல்?

விளையாட்டின் பெயர் 'வாம்பயர்: தி மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்'. நாசரேத்தில் எங்க தெருவுக் கல்லூரிப் பையன்கள்கிட்டே இருந்து எனக்கு வந்தது. பழசு. 2004 நவம்பர் 16 அன்று வெளிவந்தது. செய்தவர்கள் ட்ரோய்க்கா கேம்ஸ் என்ற சின்ன அமெரிக்க நிறுவனத்தார். 'ஹாஃப்-லைஃப் 2' என்ற பெரும் விளையாட்டு வந்த அதே நாளில் இதையும் கடைக்கு அனுப்பினார்கள். தேரோடும் தெருவில் தள்ளுவண்டியை நிறுத்தின கதைதான். போதாக்குறைக்கு, வேலை முழுசா முடியவில்லை. நடுவிலே நின்றுபோகும் அளவுக்குப் பிழைகள். 2005 தொடக்கத்தில் நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெர்னர் ஷ்பால் என்ற ஜெர்மானியர் வருசக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்த்துத் திருத்தங்கள் வெளியிட்டார். இன்றைக்கு நாம் ஒழுங்காக விளையாட முடிவது அதனால்தான். முதலாளி கைவிட்டதைப் படித்தவர், பார்த்தவர், விளையாடியவர் காப்பாற்றுவது சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் புதிதில்லை.

சரி, உள்ளே போவோம். லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம். எப்போதும் ராத்திரி. நீங்கள் ஒரு சாதாரண மனுசன் அல்லது மனுசி. ஒரு ரத்தக்காட்டேரி உங்களைக் கடித்துத் தன் குலத்தில் சேர்த்துவிடுகிறது. முதல் காட்சியே தீர்ப்புத்தான். ஒரு நாடக அரங்கில் எல்லாக் குலத்தாரும் கூடியிருக்க, தலைவன் லக்ருவா மேடையில் நின்று பேசுகிறான். தலைவன் அனுமதி இல்லாமல் ரத்தம் கலந்தது குற்றம். உங்களைக் கடித்தவரின் தலையை அங்கேயே வெட்டுகிறார்கள். யார் யாரோடு ரத்தம் கலக்கலாம் என்று ஊர் கூடித் தீர்மானிப்பதும், மீறினால் எல்லோர் முன்னாலும் வெட்டுவதும் நமக்கு அமானுஷ்யக் கதை இல்லை. உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் நடுத்தெருவில் பார்த்தோம்.

இவர்களின் ஆதி மூதாதை காயீன். ஆமாம், ஞாயிறு பள்ளியில் படித்த அதே காயீன்தான், தம்பி ஆபேலைக் கொன்றவன். காயீனுக்கு எத்தனை தலைமுறை கிட்டே இருக்கிறாயோ அந்த அளவு உன் ரத்தத்துக்கு மதிப்பு. தூரம் போகப்போக ரத்தம் 'நீர்த்தது' என்பார்கள். அப்படி நீர்த்த ரத்தக்காரர்கள் சிலர் கடற்கரை மணலில் கிடக்கிறார்கள். ஊருக்குள் அவர்களைச் சீந்த ஆளில்லை. தலைவனின் குலம் வென்ட்ரூ. இந்தக் குலத்துக்கு ஒரு விசேஷம்: வீடற்றவர்கள், ஏழைபாழைகள் ரத்தத்தைக் குடித்தால் வயிறு ஏற்காது, வாந்தி வரும். உறிஞ்சுவது எல்லாரையும்தான், ஆனால் உறிஞ்சுவதிலும் ஆசாரம்! இதை எழுதினவனுக்கு மனுதர்மம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அதிகாரம் எங்கே இருந்தாலும் அதுக்கு ஒரு தீட்டு தேவைப்படுது. (குலத்துக்குக் குலம் நம்ம ஊர்ச் சாதியை ஒட்டிப் பார்க்கும் விளையாட்டில் எனக்கு விருப்பமில்லை. ஒட்டாது.)

நான் சொல்ல வந்தது நாஸ்ஃபெராட்டு குலத்தைப் பற்றி. தேர்ந்தெடுக்க ஏழு குலங்கள் உண்டு. பிற ஆறில் எதை எடுத்தாலும் தெருவில் நடக்கலாம், கடைக்குள் போகலாம், சிரிக்கச் சிரிக்கப் பேசலாம். நாஸ்ஃபெராட்டுவை எடுத்தால் உன் முகமே குற்றம். மனுசர் கண்ணில் பட்டாலே 'மாஸ்கரேட்' சட்டத்தை மீறினதாகக் கணக்கு. அப்படி ஐந்து மீறல் ஆனால் ஆட்டம் முடிந்தது. எனவே அதே நகரத்தில் நீ சாக்கடை மூடியைத் திறந்து இறங்கி, அடியிலேயே நடந்து, அடுத்த மூடி வழியாக ஏறி, சந்தில் யாரும் இல்லை என்று பார்த்து, சுவரோடு சுவராகப் பதுங்கிப் போக வேண்டும். நேர்த்தெருவில் அரை நிமிசத்தில் போகிற இடத்துக்குப் பத்து நிமிசம். முதல் அரை மணி நேரத்தில் எரிச்சல் வருகிறது. அப்புறம் உடம்பு பழகிவிடுகிறது. தெரு முனை வந்தால் கை தானாகவே நிற்கிறது. அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருந்தது. கட்டுரை படித்து வருவதில்லை இது.

இதை மாயக்கதை என்று நினைப்பவர்கள் திருநெல்வேலிச் சரித்திரம் படிக்க வேண்டும். 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளேடு எங்கள் மாவட்டத்துப் புதிரை வண்ணார்களைப் பற்றி ஒரு செய்தி போட்டது (அப்போது நாசரேத்தும் திருநெல்வேலி மாவட்டம்தான், 1986இல்தான் பிரித்தார்கள்). அவர்கள் பகலில் வெளியே வரக்கூடாது. தொடுவது மட்டுமல்ல, பார்ப்பதே தீட்டு. ராத்திரியில் எழுந்து வேலை செய்துவிட்டு விடியுமுன் மறைந்துவிட வேண்டும். காணாமை என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அமெரிக்காக்காரன் கற்பனை செய்து ஒரு குலத்துக்குக் கொடுத்த சாபத்தை, தாமிரபரணிக் கரையில் சட்டமாகவே வைத்திருந்தார்கள்.

இதிலே நாம் முழுங்கிவிடப் பார்க்கிற ஒரு செய்தி உண்டு. அந்தப் புதிரை வண்ணார் யார் துணியை வெளுத்தார்கள்? பறையர், பள்ளர் துணியை. நம்ம துணியை. தீட்டுத் துணி, பிரசவத் துணி, சாவு வீட்டு வேலை எல்லாம் அவர்கள் தலையில். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது, ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி பறைத்தெருவில் வீடு வீடாகச் சோறு எடுப்பதைக் காட்டினார். நம்ம ஆட்கள் சிலருக்கே கோபம் வந்தது. இயக்கம் எழும்பி வருகிற நேரத்தில் உட்சாதிக் கதை எதுக்கு என்றார்கள். கோபம் எனக்குப் புரிகிறது. ஆனா அந்தம்மா கூடை காலியாகவே இருந்துச்சே, அதுக்கு யார் பதில் சொல்றது?

விளையாட்டு இந்த இடத்தில் ஒன்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது. நாஸ்ஃபெராட்டுகள்தான் நகரத்தின் எல்லா ரகசியமும் அறிந்தவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் நடப்பவனுக்குத் தெரியாதது என்ன? மற்றக் குலத்தார் ஏளனம் செய்துவிட்டு, தகவல் வேண்டும் என்றால் பாதாளத்துக்கு வந்து அவர்கள் தலைவன் கேரியிடம் கெஞ்சுகிறார்கள். நம்ம தெருவில் யார் வீட்டுக் கலியாணம் ஏன் நின்னுச்சு, எந்தப் பிள்ளைக்கு எந்த மாசம் நாள் தள்ளிச்சு, எல்லாம் முதலில் தெரிவது துணி வாங்கிப் போகிற கைக்குத்தான். அந்த வாய் திறக்காது என்ற நம்பிக்கையில்தான் மானம் மரியாதை எல்லாம் நடந்துக்கிட்டிருந்துச்சு.

ஆனால் அதே விளையாட்டு கேரியின் பாதாளத்துக்குப் போகிற வழியில் குப்புற விழுகிறது. ஹாலிவுட் சாக்கடை என்று ஒரு பகுதி. இந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே போய் விதவிதமான ராட்சதப் பிராணிகளை நிரப்பி, சுடு, வெட்டு, ஓடு என்று மணிக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். விளையாடினவர்கள் எல்லோரும் சலித்துக்கொள்கிற இடம் அது. என் குறை வேற. அத்தனை மைல் சாக்கடையில் அடைப்பு எடுக்க ஒரு ஆள் இறங்கிப் பார்க்கவில்லை! சாக்கடை அங்கே வெறும் சுரங்கப்பாதை. இங்கே 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் போட்ட பிறகும் மனுசன் இறங்கிச் சாகிறான். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவுக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. விலை ஏறினது, இறங்குவது நிற்கவில்லை.

சைனா டவுன் பகுதி அதைவிட மோசம். ஆசிய ரத்தக்காட்டேரிகள் என்று தனி இனம், சூழ்ச்சிக்காரி ஒருத்தி தலைமை, நம்பினால் துரோகம். அந்த இனத்தை நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது, கொல்ல மட்டும் முடியும். ஒரு குலத்தின் இழிவை உடம்பால் உணரவைத்தவர்களுக்கே, இன்னொரு மக்களைப் பார்க்கும்போது பழைய வெள்ளைக் கண்ணாடி கழலவில்லை.

இன்னொன்றும் உண்டு. நாஸ்ஃபெராட்டு என்பது பட்டியலில் ஒரு தேர்வு. பிடிக்கலைன்னா வெளியே வந்து வேற குலம் எடுக்கலாம். புதிரை வண்ணார் பிள்ளைக்கு அந்தப் பொத்தான் இல்லை. பட்டியல் சாதியில் அவர்கள் பெயர் இருக்கிறது. 2009இல் அரசு தனி நல வாரியமும் அமைத்தது. ஆனாலும் அலுவலகத்துக்குப் போனால் 'வண்ணார்' என்று மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை நீட்டுவதும், நிரூபிச்சுக் காட்டு என்பதும் தொடர்கிற புகார்கள். பார்க்கப்படாமல் இருந்தவர்களிடம் சாட்சி கேட்கிறார்கள்.

2025 அக்டோபரில் இதன் இரண்டாம் பாகம் வேறு ஆட்கள் செய்து வெளிவந்தது. அதில் நீங்கள் தொடக்கத்திலேயே பலசாலியான ஒரு மூத்த ரத்தக்காட்டேரி. நாஸ்ஃபெராட்டுவாக விளையாட வழியே இல்லை. கூரை மேல் தாவித் தாவிப் போகலாம். படம் அழகாக இருக்கிறது.

நேரமிருக்கிற மாணவத் தோழர்கள் பழையதையே போடுங்கள், ஷ்பாலின் திருத்தத்தோடு. பையன்கள் எல்லாம் முதலில் அழகான குலத்தை எடுத்து விளையாடிவிட்டு அப்புறம் இதுக்கு வாங்க என்றுதான் யோசனை சொல்வார்கள், தெருக்கள் பழகணுமாம். நான் சொல்றது, முதல் தடவையே நாஸ்ஃபெராட்டுவை எடுங்க. அந்த நகரத்துக்குத் தெரு இருக்குன்னே தெரியாமல் கொஞ்ச நாள் இருந்து பாருங்க.