கேட்கத் துணிவோமா?

விழா மலரில் இத்தகைய பொருளை எழுதுதல் தகுமோ என்று அன்பர் சிலர் எம்மை வினவினர். தகும் என்பதே எம் கருத்து. வெற்றி பெற்றோரின் படங்கள் இம்மலரில் நிறைய உள. பரீட்சையில் தவறி வீடு செல்ல அஞ்சி நின்றவனுக்கும் ஒரு பக்கம் வேண்டாமா?

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பர் ஒருவர் நாற்பதாண்டு கழித்துக் கூறினார்: “அந்நாளில் உயிரை விட எண்ணியிருந்தேன். முகம் ஏன் வாடியிருக்கிறது என்றீர்கள். ஒருவராவது நேரே கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.” கேட்டால் இல்லாத எண்ணத்தைப் புகுத்தியவராவோம் என்று நாம் அஞ்சினோம். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என உளமருத்துவர் ஆராய்ந்து கண்டுள்ளனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப் பிரிவும் இலங்கையில் 1998 இலேயே நீக்கப்பட்டது. சட்டம் விட்டதை ஊர்வாய் இன்னும் விடவில்லை.

உளவளத்துணையாளரிடம் சொன்னால் என்ன நிகழும்? உபதேசம் நிகழாது, நிகழுமாயின் அவர் அத்தொழிலுக்கு உரியவரல்லர். எண்ணம் எப்போது வருகிறது, எவ்வளவு வன்மையாக வருகிறது என்று அமைதியாக வினவுவார். உயிருக்கு உடனடி ஆபத்து எனக் கண்டாலன்றிப் பிறருக்கு உரையார். பின்னர் இருவருமாக ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதுவர். அமெரிக்க அறிஞர் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுண் ஆகியோர் வகுத்த முறை இது. இடர் நெருங்கும் அறிகுறி, மனத்தைத் திருப்பும் வழி, போயிருக்கத்தக்க இடம், உதவி கேட்கத்தக்கவர் பெயர், வைத்தியரின் தொலைபேசி இலக்கம், தீங்கு தரும் பொருளை அகற்றும் ஏற்பாடு ஆகியன மாணவனின் சொந்தச் சொல்லிலேயே அதில் அமையும். ‘இனிச் செய்யேன்’ எனச் சத்தியம் வாங்குவதன்று இது. நள்ளிரவில் அடுத்து என்ன செய்வது என்பதைச் சத்தியம் சொல்லாது, அத்தாள் சொல்லும்.

பொருளை அகற்றுதல் சிறு காரியம் எனக் கருதற்க. கடும் நஞ்சுடைய பூச்சிகொல்லிகளை 1995 இலும் அதன் பின்னரும் இந்நாடு தடைசெய்தது. இருபதாண்டுக்குள் தற்கொலை மரண வீதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அவ்வெண்ணம் அலைபோல் எழுந்து தணிவது. தணியும்வரை கைக்கெட்டாதிருந்தால் பலர் பிழைக்கின்றனர்.

உதவி கேட்கத்தக்கவர் என்னும் வரியில் எழுதப் பெயரின்றித் தவிக்கும் மாணவனும் இருப்பான். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கம் இரவும் பகலும் உண்டு. ஆயினும் தெரிந்த குரல் ஒன்றும் வேண்டுமன்றோ? பழைய மாணவர் கட்டடத்துக்கு நிதி சேர்க்கின்றோம், நன்று. உளவளத்துணை ஆசிரியரிடம் தம் பெயரையும் இலக்கத்தையும் ஒப்படைத்து, எந்நேரம் அழைப்பினும் எடுப்போம் என்று கூறுவோர் எத்துணைப் பேர்? எம் பெயரைச் சென்ற வாரம் கொடுத்துவிட்டோம்.