மண்ணும் இலவசம், மென்பொருளும் இலவசம்... நடுவில் மட்டும் பூட்டு!

பிளவக்கல் என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு வத்திராயிருப்பு வழியாகப் போய், அணைக்கட்டு மேல் நின்று நாலு போட்டோ எடுத்துவிட்டு, திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது. தப்பில்லை, நல்ல ஊர்தான். ஆனால் அங்கே போய் சேற்றைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைவு.

அங்கே இருப்பது இரண்டு அணை. ஒன்று 47 அடி பெரியாறு அணை (முல்லைப் பெரியாறு இல்லை சாமி, இது வேற!), இன்னொன்று 42 அடி கோவிலாறு அணை. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் இவற்றில் தேங்கி, வத்திராயிருப்பைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்குப் போகிறது. தண்ணீரோடு வண்டலும் போகிறது. கோடையில் கண்மாய் வற்றியதும் அந்தக் கரம்பையை வெட்டி வயலில் அடிப்பது தாத்தா காலத்துப் பழக்கம். அது ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால் "சத்து இருக்குப்பா" என்பார்கள். என்ன சத்து?

பதிலில் பாதி கண்ணுக்குத் தெரியாத ஜீவன்களிடம் இருக்கிறது. நல்ல மண் என்றால் ஒரே கிராமில் நூறு கோடி பாக்டீரியா இருக்கலாம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பவை, பாறையில் ஒட்டிய பாஸ்பரஸைக் கரைத்துக் கொடுப்பவை, நெல் வயல் சேற்றில் மீத்தேன் விடுபவை, அந்த மீத்தேனையே தின்பவை... ஒரு பெரிய ஊரே உள்ளே இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த மண்வள அட்டையில் 12 விஷயங்களை அளந்து தருகிறார்கள். கார அமிலத் தன்மை, கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல், துத்தநாகம் என்று போகும். அந்தப் பன்னிரண்டில் ஓர் உயிர்கூடக் கிடையாது. ஊரில் எத்தனை தெரு, எத்தனை கிணறு என்று எண்ணிவிட்டு, ஜனங்களை எண்ண மறந்த சென்சஸ் மாதிரி.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ஜனங்களை எப்படி எண்ணுவது?

பழைய வழி, தட்டில் வளர்ப்பது. ஒரு கண்ணாடித் தட்டு, அதில் அகார். (அந்த அகார் ராமேசுவரம் பக்கம் பெண்கள் கடலில் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் வருகிறது. ஆய்வகத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. 1880-களின் தொடக்கத்தில், தன் சமையலறைப் பழக்கத்திலிருந்து சொன்ன யோசனை அது!) மண்ணைக் கரைத்து அதில் தடவி, முளைப்பதை எண்ண வேண்டும். இதில் ஒரு சிக்கல். மைக்ரோஸ்கோப்பில் நூறு தெரிந்தால் தட்டில் முளைப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். ஸ்டேலி, கொனோப்கா என்ற இருவர் 1985-லேயே இந்த முரண்பாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 1977-ல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை வைத்து நுண்ணுயிர்களின் வம்சாவளியையே வரையலாம் என்று காட்டினார்கள். இன்று மண்ணிலிருந்து நேராக டி.என்.ஏ.வைப் பிரித்து, 16எஸ் என்ற அந்த ஒரே மரபணுவை மட்டும் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, யார் யார் எவ்வளவு பேர் என்று சொல்லிவிடலாம். வளரவே வேண்டாம்.

பாடப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. பரீட்சைக்கும் வருகிறது. செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்து படிக்கும் ஒரு மைக்ரோபயாலஜி மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். கண்மாய்க் கரம்பை போட்ட இடத்துக்கும் போடாத இடத்துக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசை. அருமையான ப்ராஜெக்ட். மண் எடுக்கக் காசில்லை, சொந்தத் தோப்பு. (அணைக்கு மேலே காட்டுக்குள் எடுக்க வேண்டுமென்றால் வனத்துறை அனுமதி வேண்டும். 2021-லிருந்து அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்.) கடைசியில் வரும் தகவலை அலசவும் காசில்லை. மோத்தூர், கைம் 2 போன்ற மென்பொருள்கள் இலவசம். ஒப்பிட்டுப் பார்க்க சில்வா என்ற தரவுத்தளம் இலவசம். நல்ல கம்ப்யூட்டர் இல்லையென்றால் கேலக்ஸி என்ற பொதுத் தளத்தில் பிரவுசரிலேயே ஓட்டலாம், அதுவும் இலவசம்.

ஆக முதல் படி இலவசம், கடைசிப் படி இலவசம். நடுவில் என்ன வேண்டும்? மண்ணைக் கெடாமல் வைக்க ஒரு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர். டி.என்.ஏ. பிரிக்கும் கிட். சுழற்ற ஒரு சென்ட்ரிஃபியூஜ். பெருக்க ஒரு பி.சி.ஆர். மெஷின். அளந்து பார்க்க ஒரு சின்னக் கருவி. ராக்கெட் விடும் சாமான் எதுவும் இதில் இல்லை. நிதி வாங்கிய கல்லூரிகள் பலவற்றில் இருப்பதுதான். ஆனால் "அது அந்த டிபார்ட்மெண்ட் மெஷின்", "சார் லீவு", "ப்ராஜெக்ட் பணத்தில் வாங்கியது, வெளியாள் தொடக் கூடாது". அவ்வளவுதான், கதை முடிந்தது.

அப்புறம் அவள் என்ன செய்வாள்? மற்றவர்கள் செய்வதைத்தான். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு தனியார் கம்பெனிக்கு மண்ணைப் பார்சல் செய்து பணத்தையும் கட்டிவிட வேண்டியது. சில வாரங்களில் கலர் கலராக வட்டப்படம் போட்ட ஒரு பி.டி.எஃப். வரும். ஸ்பைரல் பைண்டிங் போட்டால் ப்ராஜெக்ட் ரெடி. மூலத் தகவல் கோப்பைக் கேட்டு வாங்க வேண்டும் என்றுகூடப் பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பட்டம் கிடைக்கும், பிப்பெட் பிடித்த கை கிடைக்காது. கம்பெனிக்காரர்களைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, அவர்கள் தொழில் அது.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்த ஆராய்ச்சி முறையே பகிர்ந்துகொள்வதற்காகச் செய்யப்பட்டது. ஒவ்வொரு மண்ணின் டி.என்.ஏ.வுக்கும் ஒரு குட்டி அடையாள எழுத்துவரிசையை ஒட்டிவிடுவார்கள், பார்கோடு மாதிரி. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஓட்டமாக மெஷினில் விடலாம். வெளியே வரும்போது பார்கோடைப் பார்த்துக் கம்ப்யூட்டர் பிரித்துவிடும். ஒரு கணக்குக்கு, ஓர் ஓட்டத்துக்கு 96,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மண்ணை மட்டும் போட்டாலும் 96,000. தொண்ணூற்றாறு மண்ணைச் சேர்த்துப் போட்டால் தலைக்கு ஆயிரம். பி.காம். முதல் வருஷத்தில் நிலைச்செலவு என்று சொல்லித் தரும் பாடம் இதுதான். கிருஷ்ணன்கோவில் ஷேர் ஆட்டோக்காரருக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும்! ராஜபாளையம், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், விருதுநகர் கல்லூரிகள் தனித்தனியாக நாலு மண் அனுப்பினால் நஷ்டம். சேர்ந்து அனுப்பினால் சல்லிசு. இதற்கு மாவட்டத்தில் யாரும் சீக்வென்சர் வாங்கவே வேண்டாம்.

மெஷினை மட்டும் பகிர்ந்தால் போதாது, செய்முறையையும் பகிர வேண்டும். ஒருவர் ஒரு கிட்டில் பிரித்து, இன்னொருவர் வேறு பிரைமர் போட்டுப் பெருக்கினால், இரண்டு பேர் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. 2010-ல் தொடங்கிய எர்த் மைக்ரோபயோம் ப்ராஜெக்ட்காரர்கள் எல்லாருக்கும் ஒரே செய்முறை என்று எழுதிப் பொதுவில் வைத்தார்கள். 2017-ல் நேச்சர் இதழில் அவர்கள் போட்ட கட்டுரையில் 97 ஆய்வுகளிலிருந்து 27,751 மாதிரிகள்! செய்முறை இன்றும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படிதான் கிடக்கிறது. அதைப் பின்பற்றினால் பிளவக்கல் சேற்றை பிரேசில் சேற்றோடு ஒப்பிடலாம். இப்போதைய நிலைமையில் பக்கத்துக் கல்லூரிச் சேற்றோடு ஒப்பிடுவதே சந்தேகம்.

"அரசாங்கம்தான் போர்ட்டல் வைத்திருக்கிறதே" என்று ஒரு குரல் வரும். வைத்திருக்கிறது. 2020 ஜனவரியில் ஐ-ஸ்டெம் என்ற தளத்தைப் பிரதமர் பெங்களூரில் தொடங்கிவைத்தார். நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று தேடி, முன்பதிவு செய்யலாம். அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-ல் கருவிப் பகிர்வுக்கென்றே ஸ்ரீமான் என்ற பெயரில் வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. பொதுப்பணத்தில் வாங்கிய கருவி பூட்டியே கிடக்கிறது, வாங்கியதையே மறுபடி வாங்குகிறார்கள் என்ற கவலை அவர்களுக்கே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நல்ல முயற்சி. ஆனால் மேப்பில் கடை இருப்பது வேறு, கடை திறந்திருப்பது வேறு. வெயிலில் ஐஸ் கரையும் தெர்மகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறவளுக்கு, நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய நிறுவனத்தின் பெரிய மெஷின் எதற்கு? பக்கத்து ஊர் ஃப்ரீசரில் ஒரு தட்டு இடம் போதும்.

"வெளியாள் தொட்டால் கெட்டுவிடும், யார் பொறுப்பு?" இது அடுத்த குரல். நியாயமான பயம். பி.சி.ஆர். வேலையில் ஒருவர் அஜாக்கிரதையாக இருந்தால் எல்லார் மாதிரியிலும் கலப்படம் வந்துவிடும். ஆனால் தொடாமலே வைத்திருந்தாலும் கெடத்தான் செய்கிறது. உண்மையான நோய் வேறு இடத்தில். மெஷின் வாங்கப் பணம் கிடைக்கிறது, அதை ஓட்டும் ஆளுக்குச் சம்பளமும் வாரண்டி முடிந்தபின் பராமரிப்புக் காசும் கேட்டால் கையை விரிக்கிறார்கள். மூலதனச் செலவுக்கு ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்கலாம், நடைமுறைச் செலவுக்கு யார் வந்து ரிப்பன் வெட்டுவார்கள்?

இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பங்குபோட்டுப் பிழைக்கத் தெரியாதா என்ன? சிவகாசியில் சின்ன அச்சகம் எல்லாம் லேமினேஷன் மெஷின் வாங்கிக்கொண்டா உட்கார்ந்திருக்கிறது? ஜாப் ஒர்க் கொடுக்கிறார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒவ்வொரு தறிக்காரரும் பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலையா வைத்திருக்கிறார்? 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவுக்கே பின்னால் நிற்பது கூட்டுறவுப் பால் சங்கம்தான். இரண்டு மாடு வைத்திருப்பவரும் சங்கத்தில் பாலை ஊற்றுகிறார், கொழுப்பு அளக்கும் மெஷின் எல்லாருக்கும் ஒன்றே. எவரும் வீட்டுக்கு ஒன்று கேட்பதில்லை.

அதே மாதிரி ஒரு சங்கம் போதும். நாலைந்து கல்லூரி சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பொது அறை. ஃப்ரீசர், சென்ட்ரிஃபியூஜ், பி.சி.ஆர். எல்லாம் ஏற்கெனவே இருப்பதில் ஒவ்வொன்று கொண்டுவந்து வைத்தாலே ஆச்சு. எல்லாருக்கும் ஒரே செய்முறைப் புத்தகம், தமிழிலும் ஒரு பிரதி. முழுநேரமாக ஒரு டெக்னீஷியன், சம்பளம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. வாசலில் கட்டணப் பலகை, பரோட்டாக் கடை விலைப்பட்டியல் மாதிரி. இரண்டு நாள் பயிற்சி முடித்தவர் யாராக இருந்தாலும் உள்ளே வரலாம், எந்தக் கல்லூரி என்று கேட்கக் கூடாது. மாதிரி தொண்ணூற்றாறு சேர்ந்ததும் மொத்தமாக சீக்வென்சிங்குக்கு அனுப்பிவிடலாம். மூலத் தகவல் மாணவர் பெயரிலேயே பொதுத் தரவுத்தளத்துக்குப் போகட்டும்.

கண்மாய் வற்றிக் கிடக்கும்போதே கரம்பை மாதிரியை எடுத்தாக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துத் தண்ணீர் ஏறிவிட்டால் அது மூணு ஆள் ஆழத்தில். அப்புறம் அடுத்த கோடைதான். அதற்குள் அவளுக்கு கோர்ஸ் முடிந்துவிடும்.